கணக்கரின் குரலும் நள்ளிரவு வானொலியும்

(கட்சி உறுப்பினர்களுக்கான பண்பாட்டு வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1970களின் பிற்பகுதியில், ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் உள்ள அரசு வானொலியில் இரண்டு இளைஞர்கள் வேலை பார்த்தனர். ஒருவர் கணக்குப் பிரிவில் எழுத்தர். மற்றவர் ஒலிபரப்புப் பிரிவில் பொறியாளர். கணக்கெழுதியவருக்குப் பாடும் ஆற்றல் இருந்தது. ஆனால் அவரைப் போன்றவர்கள் பாடும் பாட்டுக்கு, அவர் வேலை பார்த்த அதே வானொலியில் போதிய இடம் இல்லை. அந்த இடத்தை உருவாக்கியவர் பொறியாளர். கணக்கர் எடி ஃபிட்ஸ்ராய். பொறியாளர் மைக்கேல் காம்ப்பெல். பின்னவரை உலகம் மைக்கி டிரெட் என்ற பெயரால் அறியும்.

ஒரு பாடகரின் வாழ்க்கை வரலாறாக மட்டும் இதைக் கேட்டுவிட்டுப் போகலாம். ஆனால் இதற்குள் ஓர் அரசியல் கேள்வி இருக்கிறது. வானொலி அரசின் கையில் இருந்தால் மட்டுமே அது மக்களின் வானொலி ஆகிவிடுமா? அந்தக் கேள்வியை முன்வைத்தே இந்த வரலாறு இங்கே கூறப்படுகிறது.

தீவும் அதன் வானொலியும்

ஜமைக்கா ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கரீபியன் தீவு. 1655இல் ஸ்பெயினிடமிருந்து இங்கிலாந்து அதைக் கைப்பற்றியது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1838இல் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது. அதன்பின் மலிவான உழைப்பைத் தேடிய தோட்ட முதலாளிகளுக்காக, 1845 முதல் நமது நாட்டிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். 1962 ஆகஸ்ட் 6 அன்று தீவு விடுதலை பெற்றது. கொடி மாறியது. ஆனால் நிலமும் வங்கியும் பாக்சைட் சுரங்கமும் பெரும்பாலும் பழைய கைகளிலோ பன்னாட்டு நிறுவனங்களின் கைகளிலோதான் இருந்தன.

வானொலியின் கதையும் இதிலிருந்து வேறுபட்டதல்ல. 1950இல் தொடங்கப்பட்ட ஆர்.ஜே.ஆர். நிலையம், பிரிட்டனின் ரெடிஃப்யூஷன் நிறுவனத்துக்குச் சொந்தமானது. விளம்பர வருவாயில் இயங்கியது. 1959இல் நார்மன் மேன்லியின் அரசு, ஜமைக்கா ஒலிபரப்புக் கழகத்தை, அதாவது ஜேபிசியை நிறுவியது. நாட்டின் சொந்தக் குரலை வளர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆயினும் இரு நிலையங்களிலும் ஆட்சி செலுத்தியது மேட்டுக்குடியின் காதுதான். உழைக்கும் மக்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசிய பட்வா மொழி கொச்சையென ஒதுக்கப்பட்டது. லூயிஸ் பென்னெட் போன்ற ஒருசில கலைஞர்களே அம்மொழிக்கு வானொலியில் இடம் பெற்றுத் தந்தனர்.

இந்த ஜேபிசி ஊழியர்களின் போராட்டத்தையும் குறிப்பிடாமல் கடக்க இயலாது. 1964இல் செய்திப் பிரிவு ஊழியர் இருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் வெடித்து, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய தொழிற்சங்கத் தலைவர் மைக்கேல் மேன்லி, நார்மன் மேன்லியின் மகன். அவர் சாலையில் படுத்து மறியல் செய்தார். அந்த நிலையத்தின் சுவர்களைப் பைபிளில் வரும் எரிகோ நகரத்து மதில்களோடு ஒப்பிட்டார். மதிலை வீழ்த்திய யோசுவாவின் பெயரையே மக்கள் அவருக்குச் சூட்டினர். பின்னாளில் நாட்டின் பிரதமரான ஒருவருக்கு அந்தப் பட்டப்பெயர் ஒரு வானொலி நிலையத்தின் வாசலில்தான் கிடைத்தது.

பாட்டும் பணமும்

வானொலி இடம் தராத இசை தெருவில் வளர்ந்தது. ஆளுயர ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றி வந்து, திறந்த வெளியில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் குழுக்களுக்குச் 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர். 1950களிலிருந்தே கிங்ஸ்டனின் ஏழைகள் அந்த மைதானங்களில்தான் இசை கேட்டார்கள். ஸ்கா, ராக்ஸ்டெடி என்ற வடிவங்களைக் கடந்து, 1968 அளவில் ரெகே பிறந்தது. அடிமைத்தனத்தின் நினைவு, ஆப்பிரிக்க வேர், வறுமை, காவல்துறையின் கொடுமை, ராஸ்தஃபாரி நம்பிக்கை ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு 1970களில் தழைத்த கிளையே 'ரூட்ஸ் ரெகே'. அந்தப் பெயரே வேர்களைச் சுட்டுவது.

ராஸ்தஃபாரிகளை ஆளும் வர்க்கம் எப்படி நடத்தியது என்பதற்கு 1963 கோரல் கார்டன்ஸ் நிகழ்வு சான்று. ஒரு மோதலைக் காரணமாகக் கொண்டு தீவின் மேற்குப் பகுதியில் ராஸ்தஃபாரிகள் வேட்டையாடப்பட்டனர், அடித்துச் சிறையிலடைக்கப்பட்டனர். அதற்காக அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல்தான். சடைமுடிக்காரரைக் கண்டாலே தடியெடுத்த ஒரு சமூகத்தில், அவருடைய பாட்டை வானொலி அதிகாரிகள் எந்த மனநிலையோடு அணுகியிருப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. உள்ளூர்ப் பாடல்கள் வானொலியில் அறவே ஒலிக்கவில்லை என்பதல்ல. சில பாடல்கள் ஒலித்தன, வெற்றியும் பெற்றன. ஆனால் நாள் முழுவதும் ஓடிய நிகழ்ச்சிகளில் பெரும்பங்கை அயல்நாட்டுப் பாப் இசையே பிடித்துக்கொண்டது.

ஒரு பாடகருக்கு வானொலி ஏன் அவ்வளவு முக்கியம்? அன்றைய முறை இது: ஒலிப்பதிவுக்கூடத்தைத் தயாரிப்பாளர் வாடகைக்கு எடுப்பார் அல்லது சொந்தமாக வைத்திருப்பார். பாடகர் பாடுவார்; சிறு தொகை ஒன்றைப் பெற்றுக்கொண்டு போவார். அதன்பின் இசைத்தட்டு தயாரிப்பாளரின் சொத்து. ஜமைக்காவுக்கெனப் புதிய காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1993இல்தான். அதுவரை 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமே இருந்தது. எனவே பாட்டு வானொலியில் எத்தனை முறை ஒலித்தாலும், பாடியவரின் வீட்டு உலை அதனால் கொதித்துவிடாது.

ஆயினும் வானொலி அவருக்கு இரண்டைத் தந்தது. முதலாவது, பெயர். பெயர் பரவினால் மேடைக்கு அழைப்பு வரும். அடுத்த தயாரிப்பாளரிடம் கூடுதல் தொகை கேட்கும் வலிமை வரும். இரண்டாவது, தூரம். சவுண்ட் சிஸ்டத்தின் ஓசை சில தெருக்களைத்தான் எட்டும். வானொலி மலைக்கிராமத்தையும் கரும்புக்காட்டுக் குடியிருப்பையும் எட்டும். பாடகரின் பேரம்பேசும் ஆற்றலே ஒலிபரப்பைப் பொறுத்திருந்தது என்பதுதான் இதன் பொருள்.

ஆகவே அந்த வாசலில் காவல் நின்றவர்களுக்கு விலையும் ஏற்பட்டது. பணம் கொடுத்துப் பாட்டைப் போட வைப்பது வழக்கமானது. 1972இல் பெரி ஹென்செல் இயக்கத்தில் வெளிவந்த 'தி ஹார்டர் தே கம்' திரைப்படத்தில் ஜிம்மி கிளிஃப் நடித்த கிராமத்து இளைஞன், தன் பாட்டை 20 டாலருக்கு விற்க நேர்கிறது. முதலாளியின் கண்ணசைவு இல்லாமல் வானொலியில் அவன் பாட்டு ஏறாது. அது வெறும் கற்பனையல்ல. அந்தத் தொழில் நடந்த விதமே அதுதான்.

கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு தொழிலாளி

மைக்கேல் காம்ப்பெல் 1954இல் தீவின் வடகிழக்கே உள்ள போர்ட் அன்டோனியோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே மின்கருவிகளில் கைதேர்ந்தவர். பள்ளி வானொலியிலும் சவுண்ட் சிஸ்டங்களிலும் பழகியவர். கிங்ஸ்டனில் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று, 1976இல் ஜேபிசியில் பொறியாளராகச் சேர்ந்தார்.

அங்கே அவர் கண்ட முரண்பாடு எளிமையானது. ஜமைக்காவின் ஒலிப்பதிவுக்கூடங்களில் உலகமே திரும்பிப் பார்க்கும் இசை உருவாகிக் கொண்டிருந்தது. பர்னிங் ஸ்பியர் 'மார்கஸ் கார்வி' இசைத்தொகுப்பை வெளியிட்டது 1975இல். பாப் மார்லி அப்போதே கடல் கடந்து புகழ் பெற்றுவிட்டார். ஆனால் ஜமைக்காவின் பொது வானொலியோ அமெரிக்காவின் சாரமற்ற பாட்டுகளைச் சுழலவிட்டுக் கொண்டிருந்தது. பொறியாளராக அந்த ஒலியைக் காற்றில் ஏற்றும் வேலையை அன்றாடம் செய்தவர் காம்ப்பெல். எந்தச் சரக்கை ஏற்றுவது என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் அவரிடம் இல்லை.

அவர் நிர்வாகத்தோடு பேசி இசைய வைத்தார். நள்ளிரவு நேரம் அவருக்குக் கிடைத்தது. 'டிரெட் அட் தி கன்ட்ரோல்ஸ்' என்று நிகழ்ச்சிக்குப் பெயரிட்டார். கட்டுப்பாட்டுப் பலகையில் சடைமுடிக்காரன் அமர்ந்திருக்கிறான் என்பது அதன் பொருள். பெயரே ஓர் அறிவிப்பு. யாரைக் காவல்துறை தெருவில் விரட்டியதோ, அவன் அரசு நிலையத்தின் விசைகளைக் கையில் வைத்திருக்கிறான்!

ஏறத்தாழ முழுவதும் ரெகே மட்டுமே அந்த நிகழ்ச்சியில் ஒலித்தது. கடைக்கு வராத பதிவுகளையும் அவர் ஒலிபரப்பினார். வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்த தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, 'டப்' என்ற இசை வடிவத்தின் முன்னோடிகளில் ஒருவரான கிங் டப்பியின் ஒலிக்கலவைகள் அதில் இடம்பெற்றன. வேடிக்கையான ஓசைகள், எதிரொலிகள், மக்கள் மொழியில் குறும்பான அறிமுகங்கள் என அறிவிப்பாளரின் விறைப்பான தொனிக்கு நேரெதிரான ஒரு வடிவத்தைக் காம்ப்பெல் படைத்தார். அதிகாரிகள் பெரிதாகப் பொருட்படுத்தாத நேரத்தில் வந்த அந்த நிகழ்ச்சி, விரைவிலேயே ஜேபிசியின் மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சியாயிற்று. மக்களுக்கு இந்த இசை வேண்டாம், விளம்பரதாரர் விரும்பமாட்டார் என்ற வாதம் அத்தோடு பொய்த்தது. மக்கள் விரும்புவதைத்தான் தருகிறோம் என்று ஊடக முதலாளிகள் சொல்லும்போதெல்லாம் இந்த நள்ளிரவு நிகழ்ச்சி நினைவுக்கு வரவேண்டும்.

கணக்கர் பாடகரானார்

எடி ஃபிட்ஸ்ராய் 1955இல் கிளாரன்டன் மாவட்டத்தில் பிறந்தவர். அது கரும்பு விளையும் நாட்டுப்புறம். கல்வி முடித்து ஜேபிசியில் கணக்கெழுத்தராகச் சேர்ந்தார். அவருடைய குரலைக் கேட்ட சக ஊழியர் மைக்கி டிரெட் அவரை ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். தாமே தயாரிப்பாளராக நின்று பதிவு செய்தார். 'கன்ட்ரி மேன்', 'மிஸ் மாலி காலி' போன்ற பாடல்கள் அப்படிப் பிறந்தவை. நள்ளிரவு நிகழ்ச்சியின் ஆதரவோடு வெளிவந்த 'மிஸ் மாலி காலி' 1978இல் தீவெங்கும் வெற்றி பெற்றது.

இந்த நிகழ்வின் வர்க்கத் தன்மையைக் கவனிக்க வேண்டும். பெரிய முதலாளி ஒருவர் திறமையைக் 'கண்டுபிடித்த' கதையல்ல இது. ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்கிய இரு ஊழியர்களில் ஒருவர் மற்றவரின் திறமையை மதித்த கதை. பாட்டும் அதற்கேற்பவே இருந்தது. ஃபிட்ஸ்ராய் பிற்காலத்தில் தயாரிப்பாளர் டிரெவர் எலியட்டோடு இணைந்து பணியாற்றினார். அவருடைய பாடல்களின் தலைப்புகளே அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைக் காட்டும். 'தி கன்' துப்பாக்கியைப் பற்றியது. 'யூத்மேன் பெனிடென்ஷியரி' சிறைக்குள் தள்ளப்படும் இளைஞனைப் பற்றியது. 1980களின் நடுப்பகுதியில் வந்த 'பிரின்சஸ் பிளாக்' கறுப்பினப் பெண்ணின் உழைப்பையும் மாண்பையும் போற்றியது. ராஸ்தஃபாரி மரபில் ஆணாதிக்கக் கூறுகள் வலுவாக இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அம்மரபுக்குள் நின்றே பெண்ணை மையமாக வைத்துப் பாடியது அந்தப் பாடலின் சிறப்பு.

1980களில் ஜமைக்கா இசையில் ஆபாசமும் துப்பாக்கிப் பெருமையும் சந்தைச் சரக்காயின. அந்தக் காலத்திலும் அவர் தமது பொருளை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கான விலையையும் கொடுத்தார். அவரினும் குறைந்த ஆற்றல் உடையோர் உலகப் புகழ் பெற்றபோது, அவர் பெயர் ரெகே அறிந்தோர் வட்டத்தைத் தாண்டி அதிகம் செல்லவில்லை. 2017 மார்ச்சில் அவர் காலமானார்.

கதவு ஏன் மீண்டும் மூடியது?

மைக்கி டிரெட்டின் நிகழ்ச்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. பழமைவாத நிர்வாகத்துக்கும் அவருக்கும் மோதல் முற்றியது. 1970களின் இறுதியில் அவர் எதிர்ப்புத் தெரிவித்து வேலையிலிருந்து விலகினார். நிகழ்ச்சியின் பெயரையே தமது இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சூட்டினார். 1980இல் பிரிட்டனின் 'தி கிளாஷ்' குழுவோடு இசைப்பயணம் சென்றார். அவர்களுடைய 'பேங்க்ராபர்' பாடலைத் தயாரித்தார். நிகராகுவா புரட்சியாளர்களின் பெயரைத் தாங்கி வந்த 'சாண்டினிஸ்டா' தொகுப்பிலும் பங்கேற்றார். லண்டன் அவரை வரவேற்றது. சொந்த நாட்டின் பொது வானொலி அவரை இழந்தது. 2008இல், 53ஆம் வயதில், மூளைக்கட்டியால் அமெரிக்காவில் இறந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழும். அப்போது ஆட்சியில் இருந்தவர் மைக்கேல் மேன்லி அல்லவா? வானொலி ஊழியர் வேலைநிறுத்தத்தில் சாலையில் படுத்தவர் அல்லவா? 1972 தேர்தலில் டெல்ராய் வில்சன், மேக்ஸ் ரோமியோ ஆகியோரின் ரெகே பாடல்கள் அவர் பிரச்சாரத்தில் ஒலித்தனவே! ஆம். அவருடைய அரசின் சாதனைகளையும் குறைத்து மதிப்பிட முடியாது. 1974இல் பாக்சைட் நிறுவனங்கள் மீது சிறப்பு வரி விதித்தது. எழுத்தறிவு இயக்கம் நடத்தியது. குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கியது. அமெரிக்காவின் மிரட்டலுக்கு அஞ்சாமல் கியூபாவோடு உறவு கொண்டது. ஆர்.ஜே.ஆர். நிலையத்தையும் அயல்நாட்டு நிறுவனத்திடமிருந்து மீட்டு, அதன் பங்குகளைத் தொழிற்சங்கங்கள், கூட்டுறவு அமைப்புகள், ஊழியர்கள் ஆகியோரிடம் பரவலாக்க முனைந்தது.

ஆனால் உடைமை மாறிய வேகத்தில் நிர்வாகம் மாறவில்லை. எந்தப் பாட்டு, எந்த மொழி, எந்த நேரம் என்று முடிவு செய்யும் அறைக்குள் கேட்போரின் பிரதிநிதி இல்லை; பொறியாளரும் இல்லை; பாடகரும் இல்லை. பழைய ரசனையும் பழைய அச்சமும் புதிய பெயர்ப்பலகையின் கீழ் தொடர்ந்தன. ஆகவே, மக்கள் இசைக்குக் கிடைத்த இடம் உரிமையாக இல்லாமல் ஒருவரின் முயற்சியால் பெற்ற சலுகையாகவே இருந்தது. அவர் போனதும் அதுவும் போயிற்று.

அரசின் மீதும் முற்றுகை இறுகியது. டாலர் நெருக்கடியில் சிக்கிய அரசு 1977இல் சர்வதேச நிதியத்திடம் போக நேர்ந்தது. நிபந்தனைகள் மக்களின் வாழ்வை நசுக்கின. ஆயுதக் கும்பல்கள் மோதிய 1980ஆம் ஆண்டில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அக்டோபர் தேர்தலில் எட்வர்ட் சியாகாவின் வலதுசாரி அரசு வந்தது. ஜேபிசியின் செய்திப் பிரிவு ஊழியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். பின்பு 1997இல் ஜேபிசியே கலைக்கப்பட்டது. அதன் தொலைக்காட்சி ஆர்.ஜே.ஆர். குழுமத்திடம் விற்கப்பட்டது. தனியார்மயத்தைக் கொண்டுவந்தது எதிர்க்கட்சியும் அல்ல. மேன்லியின் கட்சியே அப்போது ஆட்சியில் இருந்தது. கணக்கரும் பொறியாளரும் சந்தித்த அந்த நிறுவனம் இன்று இல்லை.

நமக்குரிய பாடம்

நமது நாட்டின் அனுபவமும் இதற்கு முற்றிலும் அந்நியமல்ல. 1952இல் மத்திய அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களை விரட்டினார். ரசனையை உயர்த்துவதாகச் சொன்னார். மக்கள் பெட்டியைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கி வர வேண்டியதாயிற்று. மேலிருந்து ரசனையைக் கட்டளையிடும் பொது நிறுவனம் மக்களை இழக்கும். மக்களை இழந்த பொது நிறுவனத்தை விற்பது எளிது.

1995இல் உச்சநீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. தனியார் பண்பலை நிலையங்கள் பெருகிய பிறகு அந்தப் பொதுச் சொத்தில் உழவர், தொழிலாளர், தலித், பழங்குடி மக்களின் இசைக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதைத் தோழர்கள் தம் ஊரிலேயே ஒரு நாள் கேட்டுக் கணக்கெடுத்துப் பார்க்கலாம். இன்று கைபேசிச் செயலி எந்தப் பாட்டை முன்னே நிறுத்துவது என்பதைப் பன்னாட்டு நிறுவனத்தின் கணினி முடிவு செய்கிறது. அதனிடம் பேசி இசைய வைக்க நள்ளிரவு நேரம்கூட இல்லை.

ஆகவே மூன்று முடிவுகள். பொது ஒலிபரப்பைத் தனியாருக்குத் தாரைவார்ப்பதை எதிர்க்க வேண்டும். அது இருந்தால்தான் அதற்குள் போராடவும் இடம் இருக்கும். ஆனால் அரசுடைமையோடு நின்றுவிடாமல், ஊழியர்களும் கலைஞர்களும் கேட்போரும் பங்கேற்கும் ஜனநாயக நிர்வாகத்தைக் கோர வேண்டும். கலைஞருக்குக் கைதட்டலோடு நியாயமான ஊதியமும் உரிமைத்தொகையும் கிடைக்கப் போராட வேண்டும். பறையடிப்பவரும் பாடுபவரும் உழைப்பாளிகளே.

ஒரு நல்ல பொறியாளர் கதவைத் திறந்தார். ஒரு கணக்கரின் குரல் நாடெங்கும் கேட்டது. அவரைப் போன்ற இன்னும் எத்தனை குரல்கள் கணக்குப் பிரிவிலும் கரும்புக்காட்டிலும் கேட்கப்படாமலே போயின என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது. கதவு திறப்பது ஒருவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்திருக்கும் வரை அந்த இழப்பும் தொடரும். அதை உரிமையாக்குவதே இயக்கத்தின் வேலை.